பர்த்தகாஸ் டி4: வெறும் காரம் என்று மார்க் குறைப்பது சரியா?

வேப்பங்காற்று (டொராண்டோ)

வேறொரு இழையில் பர்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 (சுருக்கமாக டி4) என்ற கியூபச் சுருட்டுக்கு ஒருவர் பத்துக்கு ஐந்து போட்டு, "மிளகைத் தவிர ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன். ஐந்து போடுவது அவருடைய உரிமை. ஆனால் கியூபாவின் காரமான சுருட்டுகளை மதிப்பிடுகிற பலரும் இப்படித்தான் முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவு கட்டுகிறார்கள், அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: டி4 என்பது 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங் கேஜ், அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் தடிமன். குட்டையும் தடிமனுமான இந்த அளவை ரொபுஸ்டோ என்பார்கள். சுருட்டைச் சுற்றிய பெயர்க் காகிதப் பட்டை சிவப்பு. பர்த்தகாஸ் 1845-இல் ஹவானாவில் தொடங்கிய பெயர், இன்றைக்கும் கியூபச் சுருட்டுகளை விற்கும் அபானோஸ் நிறுவனம் தன் சுருட்டுகளை மென்மை, நடுத்தரம், கடுமை என்று பிரிக்கும்போது கடுமையான பக்கத்தில்தான் இதை வைக்கிறது. ஆக இதை வாங்கிவிட்டுக் கடுமையாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருள் இல்லை.

நான் இப்போது புகைத்துக்கொண்டிருப்பது 2021 ஏப்ரல் பெட்டி, அடியில் ஏபிஆர் 21 என்று முத்திரை. ராப்பர், அதாவது வெளியே சுற்றிய இலை, செம்மை கலந்த பழுப்பு, லேசான எண்ணெய்ப் பசை, விரலால் அழுத்தினால் உள்வாங்கி மெதுவாகத் திரும்பி வருகிறது. பற்ற வைக்காமல் இழுத்துப் பார்த்தால் வைக்கோலும் உலர்ந்த திராட்சையும் தெரிகிறது, உதட்டில் மட்டும் சுருக்கென்று ஒரு காரம்.

முதல் மூன்றில் ஒரு பகுதியில் மிளகு இருக்கிறது, மறுக்கவே மாட்டேன். புகையை மூக்கு வழியாக விட்டால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஒரு அங்குலம் எரிந்த பிறகு அந்தக் காரம் மூக்கிலிருந்து இறங்கி நாக்கின் ஓரத்துக்குப் போய்விடுகிறது, அது விட்டுப்போன இடத்தில் கருப்புக் காபி, பழைய தோல் பை வாசனை, ஈர மண், அப்புறம் சர்க்கரை சேர்க்காத கோகோ என்று ஒவ்வொன்றாக வருகிறது. நடுப்பகுதி முழுக்கக் காரம் பின்னணியில்தான் இருக்கிறது. கடைசிப் பகுதியில் திரும்ப ஏறும், இந்த முறை கூடவே கிராம்பு போல ஒரு விறுவிறுப்பு, பொறுமையாக இழுத்தால் ஒரு இனிப்பு. அவசரமாக இழுத்தால் அதே இடத்தில் கரிக்கசப்பு.

இப்படி எரிவதற்குக் காரணம் இலைகளின் வைப்புமுறை. செடியின் அடி இலை வொலாடோ, நன்றாக எரியும், சுவை குறைவு. நடு இலை செக்கோ, வாசனை அதிலிருந்துதான் பெரும்பாலும். உச்சி இலை லிஹேரோ, வெயில் முழுக்க அதன் மேல் விழுவதால் தடித்து, எண்ணெய் ஏறி, காரமும் நிகோட்டினும் சேர்ந்து இருக்கும். லிஹேரோ மெதுவாகத்தான் எரியும், அதனால் சுற்றுபவர் அதைச் சுருட்டின் மையத்தில் வைத்து மற்ற இலைகளைச் சுற்றிலும் அடுக்குகிறார். நாம் அடிக்கடி இழுத்தால் மையம் சூடேறி லிஹேரோ கருகுகிறது, அந்தக் கசப்பைத்தான் பலர் "காரம் தாங்கவில்லை" என்று எழுதுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம்.

என் அளவுகோல் இதுதான்: காரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், காரம் நகர்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் எங்கே இருந்ததோ கடைசி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தால் மார்க்கைக் குறையுங்கள். நகர்ந்து மற்ற சுவைகளுக்கு வழி விட்டால் அது நல்ல கலவை. இந்தப் பெட்டிக்கு என் மார்க் 8.5. மற்றவர்கள் சொல்லுங்கள்.

அடைமழை (லண்டன்)

அண்ணை, இலை அடுக்கும் முறையைப் பற்றி எழுதினது நல்ல விளக்கம், ஆனால் மார்க்கில் எனக்கு உடன்பாடு இல்லை. டி4 நல்ல சுருட்டுத்தான், 8.5 என்றால் பொலிவாருக்கு என்ன போடுவீர்கள்?

பொலிவார் பெலிகோசோஸ் ஃபினோஸை எடுங்கள். 140 மில்லிமீட்டர், 52 ரிங் கேஜ், தலை கூம்பாக இருக்கும். கடுமையில் டி4-க்கு ஒரு படி மேலே, ஆனால் அந்தக் கடுமை மூக்கைக் குத்துவதில்லை. முழுக்க மண், தோல், ஈரமான மரம், கசப்புச் சாக்லேட். மிளகை அது முன்னால் நிறுத்தாது. கடுமை வேறு, காரம் வேறு என்று விளங்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே வாரத்தில் வெவ்வேறு நாட்களில் புகைத்துப் பார்க்கச் சொல்வேன். டி4-இல் காரம் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறது, உடம்பில் ஏறும் கடுமை அதற்குப் பிறகுதான். பொலிவாரில் முதல் பாதி சாதுவாகப் போய், எழும்பி நிற்கும்போதுதான் கால் தளர்ந்திருப்பது தெரியும்.

இன்னொன்று, பர்த்தகாஸ் என்ற பெயருக்கே பலர் அரை மார்க் கூடுதலாகப் போடுகிறார்கள். ஹவானாவில் கேப்பிட்டல் கட்டடத்துக்குப் பின்னால், இண்டஸ்ட்ரியா தெரு 520-இல் இருந்த அந்தப் பழைய தொழிற்சாலையின் படம் எல்லாருடைய மனதிலும் இருக்கிறது. திருத்த வேலைக்காக அந்தக் கட்டடத்திலிருந்து சுற்றுவதையே எப்போதோ மாற்றிவிட்டார்கள். தவிர, 1960-இல் அரசு எல்லாத் தொழிற்சாலைகளையும் எடுத்துக்கொண்ட பிறகு ஒரு பெயரை ஒரே கூரைக்குக் கீழ் மட்டும் சுற்றுவது என்ற வழக்கம் போய்விட்டது. டி4 போல அதிகம் விற்கும் சுருட்டுகள் பல தொழிற்சாலைகளில் சுற்றப்படுகின்றன. அதனால் "பர்த்தகாஸ் கை" என்று யாராவது எழுதினால் நான் நம்புவதில்லை. கலவைக் குறிப்பு ஒன்றாக இருக்கலாம், சுற்றும் கைகள் வேறு.

டி4-க்கு நான் 7.5. பெலிகோசோஸ் ஃபினோஸுக்கு 9.

பனித்துளி (கோயம்புத்தூர்)

நான் புதிதாகப் பழகுகிறவன். துபாயிலிருந்து வந்த நண்பர் கொடுத்த டி4 ஒன்றைப் புகைத்தேன். உண்மையைக் கேட்டால் எனக்குக் காபியும் தெரியவில்லை, தோலும் தெரியவில்லை. தொண்டை எரிந்தது, பாதிக்கு மேல் வியர்த்துத் தலை சுற்றியது, அணைத்துவிட்டேன். இதெல்லாம் உண்மையாகவே தெரிகிறதா, இல்லை படித்துப் படித்து எழுதுகிறீர்களா? குறை சொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் அண்ணா.

வேப்பங்காற்று (டொராண்டோ)

தம்பி, நல்ல கேள்வி. தலைசுற்றலை முதலில் பார்ப்போம், அதுதான் முக்கியம். சுருட்டுப் புகை வேதியியலில் சொல்கிற காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது, நாக்கில் தெரியும் காரம் அல்ல) உள்ளது, சிகரெட் புகை அப்படி இல்லை. அதனால் நுரையீரலுக்குள் இழுக்காமலேயே வாயின் உட்தோல் வழியாக நிகோட்டின் ரத்தத்தில் ஏறும். தொண்டை எரிந்தது என்கிறீர்கள், கொஞ்சம் உள்ளேயும் இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெறும் வயிற்றில் டி4 கூடவே கூடாது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், பக்கத்தில் தண்ணீரும் இனிப்பாக ஏதாவதும் இருக்கட்டும். வியர்க்க ஆரம்பித்தால் வைத்துவிடுவதுதான் சரி, நீங்கள் அணைத்தது சரி.

அடுத்தது, நீங்கள் மூன்று விஷயங்களை ஒன்றாகச் சேர்த்துக் காரம் என்று சொல்கிறீர்கள். முதலாவது நிகோட்டின், அது உடம்பில் தெரியும், நாக்கில் தெரியாது. இரண்டாவது எரிச்சல், மூக்கிலும் தொண்டையிலும் குத்துவது. மூன்றாவது சுவையும் வாசனையும். நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது: மிளகு ரசத்தின் காரம் தொண்டையில் இறங்கி வாசனையோடு நிற்கும், பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரியும், வேறொன்றும் தெரியாது. நல்ல டி4 ரசத்தின் பக்கம் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன வயதிலிருந்தே நாக்கில் இருக்கிறது, அதைச் சுருட்டுக்கும் கொண்டு வந்தால் போதும்.

சுவை தெரிகிறதா என்றால், பெரும்பகுதி மூக்கில்தான் தெரியும். புகையை வாயில் வைத்து, முக்கால்வாசியை வாய் வழியாகவே வெளியே விட்டுவிடுங்கள். மிச்சம் கொஞ்சத்தை மட்டும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். உள்ளே இழுக்கவே வேண்டாம். இதைத்தான் ரெட்ரோஹேல் என்கிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் இதைச் செய்தால் மூக்கு மரத்துவிடும், அஞ்சாறு இழுப்புக்கு ஒருமுறை போதும். டி4-இல் முதல் பத்து நிமிடம் இதைச் செய்யவே வேண்டாம்.

அப்புறம் டி4-இலிருந்து தொடங்காதீர்கள். ஓயோ தெ மொன்டெர்ரெய் எபிக்யூர் நம்பர் 2 கிடைத்தால் வாங்குங்கள். அதுவும் 124 மில்லிமீட்டர், 50 ரிங் கேஜ், இம்மியும் மாறாத அதே அளவு. கலவை மட்டும் மென்மை. எது அளவால் வருகிறது, எது இலையால் வருகிறது என்று அப்போது பிடிபடும்.

அடைமழைக்கு: பொலிவாரைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு வருகிறேன்.

கடலோரம் (சிங்கப்பூர்)

எல்லாரும் கலவையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஈரப்பதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டி4 வெறும் மிளகாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டியான ஹ்யுமிடார்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊரில் வெளியிலேயே ஈரம் எண்பதைத் தாண்டும். சுருட்டு எழுபது சதவீத ஈரத்துக்கு மேல் நின்றால் இலை வீங்கி டிரா (புகை வரும் இழுப்பு) இறுகும், இறுகினால் நாம் பலமாக இழுப்போம், பலமாக இழுத்தால் மையம் சூடேறும், அப்புறம் வேப்பங்காற்று சொன்ன அதே கசப்பு. லிஹேரோ தடித்த இலை, ஈரம் அதில் அதிகம் நிற்கும், அதனால் கடுமையான சுருட்டுகளில்தான் இந்தப் பிரச்சினை முதலில் தெரியும். நான் எல்லாக் கியூபச் சுருட்டுகளையும் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவேடா பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன், டி4, பொலிவார் மாதிரி ஆட்களைப் புகைப்பதற்கு ஓரிரு நாள் முன்பு ஈரப்பை இல்லாத தேவதாருப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன். அதே பெட்டி, அதே தேதி, ஆனால் மிளகு பாதியாகக் குறைந்து காபி மேலே வரும். செய்து பாருங்கள்.

வெப்பத்தையும் கவனியுங்கள். 16 முதல் 18 டிகிரிதான் சொல்லப்படும் அளவு, நம் ஊர்களில் ஏசி இல்லாமல் அது கனவு. 25-ஐத் தாண்டினால் புகையிலை வண்டு பொரிக்கும் வாய்ப்பு உண்டு. அபானோஸ் ஏற்றுமதிக்கு முன் உறைய வைக்கிறது என்றாலும் வழியில் வேறு சுருட்டுகளோடு கலந்து வந்தவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது. கோயம்புத்தூர்த் தம்பி, உங்களுக்கு வந்தது எப்படிப் பயணம் செய்தது என்று யாருக்குத் தெரியும்? துபாய் வெயிலில் காரில் கிடந்த சுருட்டை வைத்து டி4-ஐ முடிவு செய்யாதீர்கள்.

நெடுஞ்சாலை (நியூ ஜெர்சி)

எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய பர்த்தகாஸ் இவ்வளவு காரமாக இல்லையே, மிதமாக, கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது. நீங்கள் எல்லாரும் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டித் தேதியால் இவ்வளவு மாறுமா?

அடைமழை (லண்டன்)

நெடுஞ்சாலை, அது வேறு சுருட்டு. அமெரிக்கக் கடையில் இருப்பது ஜெனரல் சிகார் நிறுவனம் டொமினிக்கன் குடியரசில் செய்வது. கியூபாவில் 1960-இல் தொழிற்சாலை பறிபோன பிறகு, உரிமையாளராக இருந்த சிஃபுவெந்தெஸ் வெளியேறிப் பெயரை அங்கே கொடுத்தார், 1962 தடைக்குப் பிறகு கியூபச் சரக்கு அமெரிக்காவில் விற்கவே முடியாது. பெயர் மட்டும் ஒன்று. இலை, மண், கலவை எல்லாம் வேறு. பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வரலாம் என்று ஒபாமா காலத்தில் தளர்த்தினார்கள், 2020 செப்டம்பரில் அதையும் இழுத்து மூடிவிட்டார்கள். அதனால் உங்கள் மார்க்கை இந்த இழையில் சேர்க்க முடியாது, மன்னிக்கவும்.

மாமரத்தடி (துபாய்)

இந்த இழைக்காகவே காத்திருந்தேன். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து பட்டையை உரித்துவிட்டுச் சோதித்ததை எழுதுகிறேன்.

கியூபாவில் ஒரே அளவில் பல பெயர்களில் ரொபுஸ்டோ இருப்பது மதிப்பிடுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். டி4, ரமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டட், பொலிவார் ராயல் கொரோனாஸ், ஹுவான் லோபஸ் செலெக்சியோன் நம்பர் 2, ஓயோ எபிக்யூர் நம்பர் 2. ஐந்துமே 50 ரிங் கேஜ், 124 மில்லிமீட்டர். பட்டையை எடுத்துவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். புகைக்காத ஒருவரிடம் கொடுத்துப் பட்டைகளைக் கழற்றி எண் ஒட்டச் சொன்னோம். ஒரு மாலைக்கு ஒன்றுதான், ஐந்தையும் ஒரே நாளில் புகைத்தால் மூன்றாவதிலேயே நாக்கு செத்துவிடும். தண்ணீர் மட்டும், மது கிடையாது, காபியும் கிடையாது. யாரும் யாருடைய குறிப்பையும் பார்க்கக் கூடாது.

ஓயோவை எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் டி4-இல்தான். அது டி4 என்று தெரியாதபோது பெரும்பாலானவர்கள் முதலில் எழுதியது தோல், காபி, லேசான உப்பு. மிளகு என்ற சொல் பல குறிப்புகளில் கடைசிப் பகுதியில்தான் வருகிறது, சிலவற்றில் வரவே இல்லை. அதே ஆட்கள், அதே பெட்டி, பட்டையோடு புகைத்தபோது எழுதிய பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே மிளகு. மிளகு அதிகம் என்று பட்டையில்லாமல் எல்லாரும் சொன்னது எதைத் தெரியுமா? பொலிவாரை. டி4-ஐயும் ரமோன் அயோனெஸையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: நாம் சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் காரத்தைத் தேட ஆரம்பிக்கிறோம், தேடினால் கிடைக்கத்தான் செய்யும். வேப்பங்காற்று அண்ணா, உங்கள் 8.5-ம் அடைமழையின் 7.5-ம் பட்டையோடு போட்ட மார்க். அதனால் இரண்டையும் நான் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேப்பங்காற்று (டொராண்டோ)

அருமையான வேலை. இப்படி உட்கார்ந்து செய்கிறவர்கள் குறைவு. ஒரே ஒரு கேள்வி, அதில்தான் எல்லாம் இருக்கிறது: ஐந்துக்கும் பெட்டித் தேதி என்ன?

மாமரத்தடி (துபாய்)

டி4 2018. ரமோன் அயோனெஸ் 2019. பொலிவார் 2023. மற்ற இரண்டும் 2020, 2021.

வேப்பங்காற்று (டொராண்டோ)

அப்படியென்றால் உங்கள் சோதனை பட்டையைப் பற்றிச் சொல்வது சரி, பொலிவாரைப் பற்றிச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். புதுச் சுருட்டில் நொதித்தலின் மிச்சமாக அம்மோனியா இருக்கும், அது மூக்கில் குத்தும்போது மிளகு என்றுதான் யாருக்கும் எழுதத் தோன்றும். லிஹேரோ அதிகம் உள்ள கலவையில் அது போகவே நாளாகும். தொழிற்சாலைக்கு வருவதற்கு முன்பே வொலாடோவை ஒன்பது மாதம், செக்கோவை ஒரு வருடம், லிஹேரோவை இரண்டு வருடம் என்று முதிர வைப்பதற்குக் காரணமே அதுதான், அதற்கு மேலும் பெட்டியில் தூங்க வேண்டியிருக்கிறது. ஐந்து வருடம் மூத்த டி4-ஐயும் நேற்றுப் பிறந்த பொலிவாரையும் ஒரே மேசையில் வைத்தால் பொலிவார் காரமாகத் தெரியாமல் என்ன செய்யும்?

இதனால்தான் பெட்டித் தேதி இல்லாத விமர்சனத்தை நான் படிப்பதே இல்லை. மாதத்தை ஸ்பானிய மொழியில் மூன்று எழுத்தில் சுருக்கி, கூடவே வருடம், பெட்டியின் அடியில் சூடு போட்டோ முத்திரை குத்தியோ இருக்கும். ஜனவரிக்கு ஈஎன்இ, ஆகஸ்டுக்கு ஏஜிஓ. அதைப் பார்த்து எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

அடைமழை (லண்டன்)

இந்த ஒன்றில் நான் அண்ணை பக்கம். 2023 பெலிகோசோஸ் ஃபினோஸை நானே தொட மாட்டேன். பொலிவார் குறைந்தது நான்கு வருடம் கிடக்க வேண்டிய சுருட்டு. டி4-ஐ இரண்டு வருடத்தில் சந்தோஷமாகப் புகைக்கலாம், அது அதற்கான பெருமைதான், அரை மார்க் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு பெட்டிக்குள்ளேயே உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுங்கள். கையால் சுற்றுவது. ஒன்றில் லிஹேரோ மையத்தில் சரியாக இருக்கும், பக்கத்தில் இருப்பதில் ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், அந்த ஓரம் எரியாமல் நிற்க மறு ஓரம் ஓடிவிடும். 1990-களின் கடைசியில் விற்பனை ஏறியபோது அவசரமாகச் சுற்றி அடைத்துக்கொண்ட சுருட்டுகள் ஏராளம் வந்தன, அதன் பிறகுதான் டிராவைச் சோதிக்கும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு வந்தது. இப்போது எவ்வளவோ பரவாயில்லை, ஆனாலும் ஒரே ஒரு சுருட்டைப் புகைத்துவிட்டு ஒரு பெயருக்கு மார்க் போடுவது நியாயமே இல்லை. குறைந்தது மூன்று, ஒரே பெட்டியிலிருந்து.

மலைக்கோட்டை (திருச்சி)

எங்கள் உறையூர்ச் சுருட்டில் வளர்ந்த நாக்கு எனக்கு. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையின் காரத்துக்கு முன்னால் டி4 காரம் என்று நீங்கள் பேசுவது எனக்குப் புதிதாக இருக்கிறது. உறையூர்ச் சுருட்டின் வலு நேராகத் தொண்டைக்குப் போகும், ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே நேர்கோடு. அதில் பழகினவன் டி4-ஐப் பிடித்தால் "எங்கே காரம்?" என்றுதான் கேட்பான். நான் கேட்டேன். அப்புறம்தான் அந்தக் காபி வாசனையெல்லாம் கவனித்தேன். வேப்பங்காற்று சொன்ன "காரம் நகர்கிறதா" என்ற அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. உறையூரை அதை வைத்து அளக்க வேண்டாம், அது செய்யப்பட்ட நோக்கமே வேறு.

வெள்ளைக்கோட்டு (மதுரை)

பல் மருத்துவராக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இழுக்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டு நேரடிக் காரணம், ஈறும் போகும். மேலே சொன்னபடி வாயின் உட்தோல் வழியாக நிகோட்டின் ஏறுகிறது என்றால் பழக்கமும் அதே வழியாகத்தான் ஏறும். நாக்கிலோ கன்னத்தின் உள்ளேயோ வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். புதிதாகப் பழகுகிற தம்பி, பழகாமலேயே விட்டுவிட்டால் எனக்கு மகிழ்ச்சி.

வேப்பங்காற்று (டொராண்டோ)

டாக்டர், சொன்னதற்கு நன்றி. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, இந்த இழையில் இருக்க வேண்டிய பதிவு. பனித்துளி, டாக்டர் சொல்வதை முதலில் படியுங்கள், என் ஓயோ யோசனையை அதற்குப் பிறகு.

கடலோரம் (சிங்கப்பூர்)

விலையையும் யாராவது பேசுங்களேன். 2022-இல் கோஹிபா என்ற கியூபச் சுருட்டின் விலை ஏறியபோது மற்றதெல்லாம் தப்பித்தது என்று நினைத்தோம், இப்போது டி4-உம் எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதே வருடம் செப்டம்பர் 27-இல் இயான் புயல் கியூபாவின் புகையிலை மாகாணமான பினார் டெல் ரியோவில் கரை ஏறி, இலை உலர்த்தும் ஆயிரக்கணக்கான கொட்டகைகளைச் சாய்த்துவிட்டது. சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் பக்கம் உள்ள விவசாயிகள் அப்போது நடவுக்கு முன்பு கொட்டகையையே முதலில் கட்ட வேண்டியிருந்தது. இலை இருந்தாலும் உலர்த்த இடமில்லாமல் போனது. அந்த மக்களை நினைத்தால் விலையைப் பற்றி முறையிடவே மனம் வரவில்லை, ஆனாலும் பெட்டி வாங்குகிறவர்கள் பழைய தேதி கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நெடுஞ்சாலை (நியூ ஜெர்சி)

விளக்கத்துக்கு நன்றி அடைமழை. டொமினிக்கன் குடியரசுக்குப் போகும் உறவினர் ஒருவர் கடற்கரையில் கியூப டி4 பெட்டி மலிவாகக் கிடைக்கிறது, மூடி கண்ணாடி, பார்க்கவே அழகாக இருக்கிறது என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?

அடைமழை (லண்டன்)

வேண்டவே வேண்டாம். அபானோஸ் கண்ணாடி மூடிப் பெட்டி செய்வதே இல்லை. அதைப் பார்த்த இடத்திலேயே போலி என்று முடிவு செய்யலாம். உண்மையான பெட்டியில் பச்சை உத்தரவாதச் சீட்டு, மூலையில் அபானோஸ் ஒட்டுச்சீட்டு, அடியில் சூட்டு முத்திரை, தேதி எல்லாம் இருக்கும். இவை எல்லாவற்றையும் போலி செய்கிறவர்களும் உண்டு, அதனால் அபானோஸின் அங்கீகாரம் பெற்ற லா காசா தெல் அபானோ பெயர் உள்ள கடையைத் தவிர வேறெங்கும் பெட்டி வாங்காதீர்கள். அதோடு உங்கள் ஊர்ச் சட்டத்தையும் மேலே எழுதினேன்.

மாமரத்தடி (துபாய்)

வேப்பங்காற்று அண்ணா கேட்டது நியாயம்தான், தேதிகள் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு கடையில் 2020 பொலிவார் ராயல் கொரோனாஸ் பத்துப் பெட்டி இருக்கிறது என்றார்கள், அதே வருட டி4-உம் ரமோன் அயோனெஸும் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன், ஐந்து அதிகம். எல்லாவற்றையும் 65-இல் ஒரே டப்பாவில் இரண்டு மாதமாவது வைத்துவிட்டு அப்புறம் பட்டையைக் கழற்றுவோம். அண்ணாவின் அளவுகோலையும் சேர்க்கிறேன்: காரம் எவ்வளவு என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, எந்தப் பகுதியில் எங்கே தெரிந்தது என்று மூக்கு, நாக்கு, தொண்டை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

வேப்பங்காற்று (டொராண்டோ)

சாம்பல் எவ்வளவு நீளம் நின்றது என்பதற்கெல்லாம் கட்டம் போடாதீர்கள், அதில் மார்க் வீணாகிறது. டிராவுக்கு ஒரு கட்டம் கட்டாயம். டிரா இறுகியிருந்தால் அந்தச் சுருட்டை மதிப்பீட்டிலிருந்தே விலக்கிவிடுங்கள்.

என் 8.5 அப்படியே இருக்கிறது, 2021 ஏப்ரல் பெட்டிக்கு மட்டும். நீங்கள் முடிவு எழுதும்போது அதே பெட்டியில் மூன்றை நானும் பட்டையில்லாமல் புகைத்துவிட்டு இங்கேயே போடுகிறேன். அடைமழை, உங்கள் பெலிகோசோஸ் ஃபினோஸ் எந்த வருடம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

அடைமழை (லண்டன்)

2016 அக்டோபர். டி4 எவ்வளவு வயதானாலும் அதைத் தொடாது அண்ணை, 9-இல் நான் நிற்கிறேன்.